செப்புத் தகட்டில் ஏறி வந்த சித்திரங்கள்

கல்யாணச் சீருக்குப் பாத்திரம் வாங்குகிறவர்கள், அதில் பெயர் வெட்டாமல் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. கோவிலம்பாக்கத்திலும் அப்படித்தான். "பேர் என்னம்மா? இனிஷியலோட சொல்லுங்க" என்று கடைக்காரர் கேட்பார். இப்போது அவர் கையில் சின்ன மின்சார மெஷின் இருக்கிறது. ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அந்தக் காலத்தில் சிறு உளியும் சுத்தியலும்தான். 'டக் டக்' என்று புள்ளி புள்ளியாகத் தட்டுவார்கள். பாட்டி காலத்துப் பித்தளைக் குடத்தைத் திருப்பிப் பாருங்கள். அந்தப் பெயர் இன்னும் அழியாமல் இருக்கும்.

இதை யாரும் பெரிய கலை என்று சொல்வதில்லை. பாத்திரத்துக்குத்தான் விலை. பெயர் வெட்ட என்ன கொடுக்கிறோம்? சில்லறைதான்!

ஆனால், உலோகத்தில் கோடு வெட்டுகிற இந்த வேலைதான் ஒரு பெரிய காரியம் செய்தது. ரோமாபுரியில், ஒரு கோயிலின் கூரையில், மைக்கேல் ஏஞ்சலோ வரைந்த ஒரு கிழவரைக் கீழே இறக்கியது. அவரைக் கப்பல் ஏற்றியது. கடைசியில் அக்பர் சக்கரவர்த்தியின் சித்திரச் சாலையில் கொண்டுவந்து உட்கார வைத்தது!

எப்படி என்று பார்ப்போம்.

காமிரா இல்லாத காலம்

புகைப்படம் உலகத்துக்கு அறிமுகமானது 1839-ம் ஆண்டில். அதற்கு முன் ஒரு நல்ல ஓவியத்தைப் பார்க்க வேண்டுமானால் அது இருக்கும் ஊருக்கே போக வேண்டும். சுவரில் தீட்டிய ஓவியம் நம்மைத் தேடி வருமா?

மைக்கேல் ஏஞ்சலோ வரைந்த கூரை ரோமில், போப்பாண்டவரின் அரண்மனையைச் சேர்ந்த சிஸ்டைன் கோயிலில் இருக்கிறது. 1508-ம் ஆண்டில் தொடங்கி 1512-ல் முடித்தார். கூரை தரையிலிருந்து 60 அடிக்கு மேல் உயரம். நீளம் 130 அடிக்கு மேல். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். இதை யார் பெயர்த்து எடுத்துப் போக முடியும்?

அங்கேதான் வெட்டுக் கலைஞர் வருகிறார்.

அவர் ஒரு செப்புத் தகட்டை எடுத்துக் கொள்வார். கண்ணாடி மாதிரி பளபளப்பாகத் தேய்ப்பார். ஓவியத்தைப் பார்த்து எழுதிய கோட்டுப் படத்தைத் தகட்டின் மேல் மாற்றுவார். பிறகு எஃகு உளியை எடுப்பார். அந்த உளியைச் சுத்தியலால் தட்டுவது கிடையாது. அதன் மரப்பிடி உள்ளங்கையில் பொருந்தும். உள்ளங்கையால் அழுத்தித் தள்ள வேண்டும். உளி போகும் வழியெல்லாம் செம்பு சுருள் சுருளாகக் கிளம்பும். வளைந்த கோடு வேண்டுமா? தகட்டுக்கு அடியில் மணல் நிரப்பிய தோல் மெத்தை இருக்கும். உளியை அசைக்காமல் தகட்டைச் சுற்றுவார்!

தகடு தயாரானதும் மையைப் பூசித் துடைப்பார்கள். மேலே இருக்கும் மை போய்விடும். பள்ளத்தில் இருக்கும் மை மட்டும் நிற்கும். ஈரக் காகிதத்தை அதன் மேல் வைத்து உருளைகளுக்கு நடுவே கொடுத்து அழுத்தினால், காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையைக் குடித்துக்கொண்டு வரும். படம் தயார்.

நம் நாட்டிலும் அரசர்கள் செப்புத் தகட்டில் வெட்டினார்கள். செப்பேடு என்று பெயர். ஆனால் அது படிப்பதற்கு. அதனால் எழுத்து நேராக இருக்கும். சீமைத் தகடு அச்சிடுவதற்கு. அதில் எல்லாம் தலைகீழ் பாடம். வலது கை இடது கையாக வெட்டினால்தான் காகிதத்தில் வலது கையாக விழும். இந்தக் கணக்கில் தவறிய வெட்டுக்காரர்களும் உண்டு. அலட்சியமாக விட்டவர்களும் உண்டு. அவர்கள் படத்தில் போர்வீரர்கள் எல்லாம் இடது கையில் வாள் பிடிப்பார்கள்!

இன்னொரு சங்கடம், வர்ணம். தகட்டில் சிவப்பு ஏது, நீலம் ஏது? கோடு ஒன்றுதான் உண்டு. நிழல் வேண்டும் இடத்தில் கோடுகளை நெருக்குவார்கள். இன்னும் கறுப்பு வேண்டுமானால் குறுக்கே ஒரு வரிசை ஓட்டுவார்கள். வெளிச்சம் விழும் கன்னத்தைக் கோடு போடாமல் வெறுமனே விட்டுவிடுவார்கள். அரிசி மாவும் வாசல் தரையும் மட்டும் கொண்டு தேர்க்கோலம் போடும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இந்தத் தொழிலில் இறங்கியவர்களில் பலர் தட்டார் வீட்டுப் பிள்ளைகள். ஜெர்மனியின் புகழ்பெற்ற ஓவியர் டூரரின் தகப்பனார் பொற்கொல்லர். இத்தாலியின் பெரிய வெட்டுக் கலைஞர் மார்க் அந்தோணியோ ரைமண்டி தொழில் கற்றதும் பொன்வேலையும் ஓவியமும் தெரிந்த ஒருவரிடம்தான்.

ஏன் ஒரு துண்டு மட்டும்?

முழு ஓவியத்தையும் வெட்டினால் என்ன? வெட்டியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 130 அடிக் கூரையை ஒரு முழத் தகட்டில் அடக்கினால் மனிதர்கள் எறும்பாகிவிடுவார்கள். அதனால் ஒரு மூலையையோ, ஓர் உருவத்தையோ மட்டும் பெயர்த்து எடுப்பார்கள். படம் கற்கும் மாணவர்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. கை எப்படி மடங்குகிறது, முதுகு எப்படித் திரும்புகிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதலாம் அல்லவா?

அந்தத் துண்டுகள் செய்த உபகாரத்தைக் கேளுங்கள்.

பிளாரன்ஸ் நகரத்து அரசு மாளிகையில் ஒரு பெரிய மண்டபம். அதன் சுவர்களில் இரண்டு போர்க்களக் காட்சிகள் தீட்ட ஏற்பாடாயிற்று. ஒன்று லியனார்டோ டா வின்சிக்கு. மற்றொன்று மைக்கேல் ஏஞ்சலோவுக்கு. இரண்டு சிங்கங்கள் ஒரே மண்டபத்தில்! ஊரே ஆவலோடு காத்திருந்தது.

நடந்தது என்ன? லியனார்டோவின் வர்ணம் சுவரில் சரியாகப் பிடிக்கவில்லை. பாதியில் விட்டுவிட்டார். மைக்கேல் ஏஞ்சலோ பெரிய காகிதத்தில் மாதிரிப் படம் எழுதியதோடு சரி. சுவரில் ஏறவே இல்லை. அந்த மாதிரியைப் பார்த்து எழுத இளம் ஓவியர்கள் மொய்த்தார்கள். கடைசியில் அது துண்டு துண்டாகிப் போயிற்று.

ஆனால் 1510-ம் ஆண்டிலேயே ரைமண்டி அதிலிருந்து மூன்று பேரை மட்டும் தகட்டில் வெட்டி வைத்திருந்தார். ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த வீரர்கள், பகைவன் வருகிறான் என்று கேட்டுக் கரையேறுகிற காட்சி. லியனார்டோவின் ஓவியத்தில் கொடிக்காகக் குதிரை வீரர்கள் முட்டி மோதும் பகுதியை 1558-ல் சாக்கியா என்பவர் தகட்டில் வெட்டினார். மூலங்கள் போய்விட்டன. துண்டுகள் நிற்கின்றன.

'காப்பி அடிப்பது' குற்றமா?

இந்த இடத்தில் ஒரு வழக்கையும் சொல்லியாக வேண்டும்.

டூரர் மாதாவின் வாழ்க்கையை மரக்கட்டையில் வெட்டி அச்சிட்டு விற்று வந்தார். ரைமண்டி அவற்றைச் செம்பில் அப்படியே வெட்டினார். மூலையில் டூரர் போடும் பெயர்ச் சின்னத்தைக்கூட விடவில்லை! டூரர் கொதித்துப் போனார். வெனிஸ் நகர ஆட்சியாளர்களிடம் முறையிட்டார் என்று, ஓவியர்களின் வரலாறு எழுதிய வசாரி சொல்கிறார். தீர்ப்பு என்ன தெரியுமா? படத்தைப் பார்த்து வெட்டலாம். ஆனால் டூரரின் சின்னத்தைப் போடக்கூடாது!

டூரருக்கு இந்தத் தீர்ப்பு இனித்திருக்காது. அவர் பட்ட பாடு அவருக்குத்தானே தெரியும்? ஆனாலும் பார்த்து வெட்டவே கூடாது என்று அன்று தடை போட்டிருந்தால், நம் கதையில் வரும் கிழவர் ரோமை விட்டு நகர்ந்திருக்கவே மாட்டார்.

நோவா ஜெரோம் ஆனார்

யார் அந்தக் கிழவர்? நோவா. பைபிளில் வருகிறவர். பெருவெள்ளத்தில் உலகமே மூழ்கியபோது பேழையில் ஏறித் தப்பியவர். வெள்ளம் வடிந்த பிறகு திராட்சைத் தோட்டம் போட்டார். அதன் ரசத்தைக் குடித்து மயங்கி விழுந்து கிடந்தார். பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். இந்தக் காட்சியை மைக்கேல் ஏஞ்சலோ சிஸ்டைன் கூரையில் தீட்டியிருக்கிறார். உரமேறிய உடம்பு, ஆனால் துவண்டு சாய்ந்து கிடக்கிறது.

மரியோ கார்த்தாரோ என்றொரு வெட்டுக் கலைஞர் ரோமில் இருந்தார். நகரங்களின் வரைபடங்களையும் வெட்டியவர். 1564-ம் ஆண்டில், அந்தச் சாய்ந்த உடம்பை மனத்தில் வைத்து அவர் ஒரு தகடு வெட்டினார். ஆனால் ஆள் மாறிவிட்டார்! குடித்துக் கிடந்த நோவா, படித்துக் களைத்த புனித ஜெரோம் ஆகிவிட்டார். ஜெரோம், பைபிளை லத்தீன் மொழியில் பெயர்த்த பெரியவர். குடிகாரரை முனிவராக்குவது சாமானியமான வேலையா?

இப்படிப்பட்ட அச்சுப் படங்கள் பாதிரிமார் பையிலும் வியாபாரிகள் மூட்டையிலும் உலகம் சுற்றின. 1596-ல் வடதுருவக் கடல் வழியாகச் சீனாவுக்குப் போக முயன்ற டச்சுக்காரர்கள், விற்பதற்காகக் கட்டுக் கட்டாக அச்சுப் படங்களை ஏற்றிப் போனார்கள். கப்பல் பனிக்கட்டியில் சிக்கிக்கொண்டது. கரையில் குடிசை கட்டி அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். 1871-ல் அந்தக் குடிசை கண்டுபிடிக்கப்பட்டது. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. பிறகு ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள்.

இந்தியாவுக்கு வந்தவை இவ்வளவு கஷ்டப்படவில்லை. போர்த்துக்கீசியர் அதற்கு முன்பே இங்கே இருந்தார்கள். கோவிலம்பாக்கத்திலிருந்து சில மைல் தூரத்தில் இருக்கும் பரங்கிமலை உச்சியில் அவர்கள் 1523-ல் கோயில் கட்டிவிட்டார்கள். இயேசுவின் வரலாற்றை எழுதிய லூக்கா தாமே வரைந்தது என்று பக்தர்கள் நம்பும் மாதா படம் ஒன்று அங்கே இருக்கிறது. ரோமிலும் லூக்கா வரைந்ததாக நம்பப்படும் மாதா படம் ஒன்று உண்டு. அந்த ரோமாபுரிப் படத்தின் நகல்தான் அக்பரிடம் போயிற்று.

அக்பர் சபையில்

அக்பர் அழைத்ததன் பேரில் மூன்று பாதிரிமார் 1579 நவம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். 1580 பிப்ரவரி கடைசியில் பத்தேபூர் சிக்ரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சக்கரவர்த்திக்கு அவர்கள் கொடுத்த காணிக்கை, ஆண்ட்வெர்ப் நகரத்தில் அச்சான பல மொழி பைபிள். தலையணை மாதிரி பெரிய புத்தகங்கள். அவற்றில் செப்புத் தகட்டில் அச்சிட்ட படங்களும் இருந்தன. அக்பர் ஒவ்வொரு புத்தகத்தையும் வாங்கி முத்தமிட்டுத் தலை மேல் வைத்துக்கொண்டார்.

அவருடைய சித்திரச் சாலையில் ஓவியர்கள் பலர் இருந்தார்கள். பாதிப் பேருக்கு மேல் இந்துக்கள். பெயர் பெற்றவர்களின் பட்டியலை அபுல் பசல் எழுதி வைத்திருக்கிறார். அதில் ஒருவர் கேசு தாஸ்.

கேசு தாஸ் ரோமாபுரியைப் பார்த்ததில்லை. மைக்கேல் ஏஞ்சலோ யார் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அவர் முன்னால் இருந்தது மைக்கோடு நிறைந்த ஒரு காகிதம். அதில் சாய்ந்து கிடக்கும் ஒரு கிழவர். கையில் புத்தகம்.

அவர் என்ன செய்தார்? காகிதத்தில் இல்லாத வர்ணத்தைக் கொண்டுவந்தார்! கறுப்புக் கோடுகள் நிழல் என்று எங்கே சொல்கின்றனவோ, அங்கே தூரிகையால் நிழலை ஏற்றினார். நம் ஓவியர்கள் அதுவரை உடம்பைத் தெளிவான எல்லைக்கோட்டால் காட்டினார்கள். கேசு தாஸோ தசை திரண்டு புரளும்படி செய்துவிட்டார். மரம், வானம் எல்லாம் அவர் கைவண்ணம். 1580-களில் வரைந்த அந்தச் சித்திரம் இன்று பாரிஸ் நகரத்துக் கிமே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோமின் கூரையில் இருந்து, செம்புக்கு இறங்கி, காகிதத்தில் ஏறி, இந்தியாவுக்கு வந்து, வர்ணம் பெற்று, மறுபடியும் ஐரோப்பாவுக்கே போய்விட்டார் கிழவர்.

பதின்மூன்று வயதுப் பையன்

கேசு தாஸ் கைதேர்ந்தவர். அடுத்த கதை ஒரு பையனுடையது.

இளவரசர் சலீமிடம் ஆகா ரிசா என்ற பாரசீக ஓவியர் வேலை பார்த்தார். அவர் மகன் அபுல் ஹசன். 1600-ம் ஆண்டு. பையனுக்கு வயது 13. அவன் கையில் டூரரின் அச்சுப் படம் ஒன்று கிடைத்தது. இயேசு சிலுவையில் தொங்கும் காட்சி. 1511-ல் வெட்டியது. படம் உள்ளங்கை அகலம்தான். கீழே ஆட்கள் நிற்கிறார்கள்.

பையன் முழுப் படத்தையும் எழுதவில்லை. சிலுவையடியில் நிற்கும் யோவானை மட்டும் எடுத்துக்கொண்டான். குருவைப் பறிகொடுக்கும் சீடன் அவர். இரு கைகளையும் கோத்துக்கொண்டு நிற்கிறார். உளி போட்ட கோட்டைத் தூரிகையால் எழுத வேண்டும். உளிக்கோடு எஃகின் கூர்மை. தூரிகைக் கோடு மயிரின் மென்மை. ஆடையின் மடிப்பு ஒவ்வொன்றையும் எழுதினான். துக்கத்தையும் எழுதினான். டூரர் இறந்து அப்போது 72 ஆண்டுகள் ஆகிவிட்டன.

படத்தில் தன் பெயரையும், ரிசாவின் மகன் என்பதையும், தன் வயதையும் குறித்து வைத்திருக்கிறான். டூரரின் சின்னத்தைப் போடவில்லை! இப்போது அது ஆக்ஸ்போர்டில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சலீம் பிறகு ஜஹாங்கீர் சக்கரவர்த்தி ஆனார். 1618-ல் அபுல் ஹசனுக்கு 'நாதிர் உஸ் ஸமான்' என்று பட்டம் கொடுத்தார். 'காலத்தின் அதிசயம்' என்று பொருள்.

ஜஹாங்கீருக்குப் படப் பைத்தியம் அதிகம். சீமை அச்சுப் படங்களைத் தம் ஆல்பங்களில் ஒட்ட வைத்தார். ஓரங்களில் தம் ஓவியர்களைக் கொண்டு சித்திரம் எழுத வைத்தார். அந்த ஓரச் சித்திரங்களிலும் சீமை அச்சிலிருந்து எடுத்த உருவங்கள் நிற்கின்றன.

1616-ல் ஆங்கிலத் தூதர் சர் தாமஸ் ரோ தம்மிடம் இருந்த ஒரு சிறு படத்தை ஜஹாங்கீருக்குக் காட்டினார். இதைப்போல் இங்கே யாராலும் முடியாது என்பது அவர் நினைப்பு. சக்கரவர்த்தி தம் ஓவியரை விட்டு அதைப்போல் ஐந்து படங்கள் எழுதச் சொன்னார். ஓர் இரவு ஆறையும் ஒன்றாக ஒட்டி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் முன்னால் வைத்தார்கள். 'உம்முடையது எது?' என்று கேள்வி. தூதர் திகைத்துத்தான் போனார். சற்று நேரம் உற்றுப் பார்த்த பிறகே கண்டுபிடிக்க முடிந்தது. ஜஹாங்கீருக்கு ஒரே சந்தோஷம்!

கடன் ஒரு பக்கமே நிற்கவில்லை. சில பத்து ஆண்டுகள் கழித்து ஹாலந்து தேசத்து மேதை ரெம்பிராண்ட், நம் மொகலாயச் சித்திரங்களைத் தம் கையால் பார்த்து எழுதிக்கொண்டார். அவற்றில் இருபதுக்கு மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன.

நம் வீட்டுச் சுவரில்

சென்னையில் 1850-ம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தம் சொந்தச் செலவில் ஒரு கலைப் பள்ளி தொடங்கினார். அங்கே மரக்கட்டையில் படம் வெட்டவும் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு அது அரசாங்கப் பள்ளியாயிற்று. இன்று எழும்பூர் பக்கத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி அதுதான்.

1894-ல் ராஜா ரவிவர்மா பம்பாயில் அச்சகம் வைத்தார். அது செம்பு அல்ல, கல் அச்சு. வர்ணத்துக்கு ஒரு கல். லட்சுமியும் சரஸ்வதியும் ஏழை வீட்டுச் சுவருக்கு வந்தது அப்படித்தான்.

ரபேல் வரைந்த மாதா படத்தின் அடியில், கன்னத்தில் கை வைத்து அண்ணாந்து பார்க்கும் இரண்டு சிறகுக் குழந்தைகள் உண்டு. வாழ்த்து அட்டையிலும் பிஸ்கட் டப்பாவிலும் பார்த்திருப்பீர்கள். மாதாவை விட்டுவிட்டு அவர்களை மட்டும் அச்சிடத் தொடங்கி 200 ஆண்டுகள் ஆகின்றன. 1995-ல் அமெரிக்கத் தபால் தலையிலும் வந்துவிட்டார்கள். அந்த முழு ஓவியத்தைச் செம்பில் வெட்டப் பல ஆண்டுகள் பாடுபட்டவர் மூல்லர் என்ற ஜெர்மானியர். மனம் கலங்கி, தகட்டை முடித்த 1816-ம் ஆண்டிலேயே இறந்துபோனார். அவர் பெயர் எந்த பிஸ்கட் டப்பாவிலும் இல்லை.

பழைய படம் கிடைத்தால்

1985-ல் தீப்பிடித்து அழியும் வரை சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்கள் குவிந்து கிடக்கும். இப்போதும் பழைய பேப்பர் கடைகளில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. எங்காவது ஒரு பழைய சீமைப் படம் கண்ணில் பட்டால், உடனே புரட்டித் தள்ளிவிடாதீர்கள்.

பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இக்காலத்து அச்சு என்றால் முழுவதும் புள்ளிகள் தெரியும். செப்புத் தகட்டில் அச்சானது என்றால் கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் மெலிதாகத் தொடங்கி, நடுவில் பருத்து, மெலிதாக முடியும். உளி உள்ளே இறங்கி மேலே ஏறிய தடம் அது. படத்தைச் சுற்றி விரலால் தடவுங்கள். நாலு பக்கமும் சிறு பள்ளம் தட்டும். தகட்டின் விளிம்பு காகிதத்தை அழுத்திய இடம். சில படங்களில் ஓரத்தை வெட்டிவிட்டிருப்பார்கள். அப்போது பள்ளம் இருக்காது.

கீழே லத்தீனில் பொடி எழுத்து இருக்கும். பெரும்பாலும் இடது பக்கம் ஒரு பெயர். வலது பக்கம் ஒரு பெயர். இடது பக்கம் இருப்பவர் ஓவியத்தைத் தீட்டியவர். வலது பக்கம் இருப்பவர் அதைச் செம்பில் வெட்டியவர்.